பத்து நிமிட ஈரம்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டில் அது சரியாகவே அச்சாகி வரும். ஆனால் அந்த அலுவலகத்தில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே 'அக்கா', முதுகுக்குப் பின்னால் 'பினாயிலக்கா'. அலுவலக நிர்வாகம் அவள் பொறுப்பு. நாற்காலிச் சக்கரம் உடைந்தாலும், கழிவறைக் குழாய் ஒழுகினாலும், குடிதண்ணீர்க் கேன் தீர்ந்தாலும் அவள் தலைதான் உருளும். சுத்தம் செய்கிற திரவங்களை வாங்குவதும் அவள் வேலை என்பதால் இந்தப் பட்டம். அவளுக்கு அது தெரியும். தெரியாதது போல இருந்துவிடுவாள்.

ஃப்ரிட்ஜ் குளிரவில்லை, வாஷிங் மெஷின் சுற்றவில்லை என்று ஊரெல்லாம் போன் போட்டுத் திட்டுகிறதே ஒரு எண், அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த கூடம்தான் அந்த அலுவலகம். ஒரு ஷிப்ட் எழுந்தால் நாற்காலிச் சூடு ஆறும் முன்பே அடுத்த ஷிப்ட் வந்து உட்காரும். அதே ஹெட்போன், அதே கீபோர்டு, அதே மௌஸ். வாசலில் மேலாளரின் இரண்டு செல்லப் பிள்ளைகள் நின்றன. ஒன்று, காலால் மிதித்தால் கையில் பீய்ச்சுகிற சானிடைசர் பாட்டில். அதைத் தேய்த்துக்கொள்ளாமல் யாரும் உள்ளே நுழையக் கூடாது. இன்னொன்று, சுவரில் மாட்டிய கைரேகை மெஷின். விரல் பதிந்தால் அதிலிருந்து ஒரு பெண் குரல் "நன்றி" என்று குழையும். பதியாவிட்டால் "மீண்டும் முயலவும்" என்று அதே குழைவோடு சொல்லும். அதற்கு மேலே மேலாளர் தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தார்: ஈரத் துணி படக் கூடாது.

அந்த மாதம் வயிற்றுக் கிருமி ஒன்று உள்ளே நுழைந்தது. கடைசி வரிசையில் ஒருவன், பேசிக்கொண்டிருக்கும்போதே, "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்" என்று சொல்லிவிட்டு ஓடினான். அந்த சார் இன்னும் லைனில்தான் இருக்கிறாரோ என்னவோ. மறுநாள் அவன் பக்கத்து நாற்காலி காலி. அப்புறம் அதற்கு முன்வரிசை. வாந்தியும் பேதியுமாகச் சில நாள் படுத்துவிட்டு, துவைத்துக் காயப்போட்ட துணி போல வெளுத்துத் திரும்பி வருவார்கள். அவர்கள் வந்து உட்காரும்போது வேறு சிலர் போய்ப் படுத்திருப்பார்கள். உயிரை வாங்குகிற வியாதி இல்லை. நல்ல உடம்புக்காரர்களுக்கு அது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான்.

பினாயிலக்காவுக்கு அது அவ்வளவுதான் இல்லை. அவள் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில், ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற மெஷினோடு கட்டிப்போட்டது போலக் கிடந்தான். ஊசி ஏற்றக் கையில் நல்ல நரம்பு கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. இதற்கு மேல் இப்படியே ஓட்ட முடியாது என்று டாக்டர்கள் கையை விரித்தார்கள். அக்காவின் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்தியது. சோதனைகள், அலைச்சல்கள், கையெழுத்துகள் எல்லாம் முடிந்து ஆபரேஷனுக்குத் தேதியும் வைத்தாகிவிட்டது. நிபந்தனை ஒன்றே ஒன்று. கொடுக்கிறவளுக்குக் காய்ச்சல், வாந்தி, பேதி எதுவும் வரக் கூடாது. வந்தால் தேதி போய்விடும். அடுத்த தேதி எப்போது கிடைக்கும் என்று அவள் கேட்டதற்கு, டாக்டர் மேஜைமேல் இருந்த காலண்டரைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இரேன் என்று வீட்டுக்காரர் சொன்னார். லீவு என்ன மரத்திலா காய்க்கிறது? இருக்கிற லீவையெல்லாம் ஆபரேஷனுக்குப் பிறகு படுத்திருக்க வேண்டிய வாரங்களுக்காக அவள் இறுக்கிப் பிடித்து வைத்திருந்தாள். 'குடும்ப விஷயம்' என்று மட்டும் எழுதிக் கொடுத்திருந்தாள். சிறுநீரகம் என்று வாயைத் திறந்தால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள், அவளை ஏற்கெனவே செத்துப்போனவள் போலப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அதைத் தாங்க அவளுக்குப் பொறுமை இல்லை.

தம்பிகூட ஒரு தடவை, மெஷினில் படுத்தபடியே, "அக்கா, நீ எனக்கு..." என்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். "வாய மூடிட்டுப் படு. ஆஸ்பத்திரியில வந்து வசனம் பேசாத" என்று வெட்டிவிட்டாள். அதற்கப்புறமும் அவன் அவ்வப்போது அந்தப் பேச்சை எடுக்கப் பார்ப்பான். அவள் ஒரு முறை முறைப்பாள். உடனே வெயில் அதிகமாக இருக்கிறது, மழை வருமா தெரியவில்லை என்று தாவிவிடுவான்.

ஆக, இப்போது அவளுக்கு வேண்டியதெல்லாம், ஆபரேஷன் தேதிவரை அந்தக் கூடத்திலிருந்து அந்தக் கிருமியை ஒழித்துக்கட்டுவது. அது அவள் வேலையும்கூட. கஷ்டம் என்னவென்றால், எதை வாங்குவது என்று முடிவு செய்வது அவள் இல்லை, மேலாளரின் மூக்கு.

மேலாளர் நல்ல மனிதர். அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். இவரோ எதற்கும் சிரிப்பார், "பாக்கலாம்மா" என்பார், அத்தோடு கதை முடிந்தது. சுத்தம் என்றால் அவருக்கு வாசனை. லாவண்டர் வாசனை வந்தால் இடம் சுத்தம், வராவிட்டால் அழுக்கு. அவர் ஒற்றைக் காலில் நின்று வாங்க வைத்த ஊதா நிறத் திரவத்தின் முன்பக்கத்தில் 'கிருமிகளில் தொண்ணூற்றொன்பதே முக்கால் சதவீதம் அழியும்' என்கிற மாதிரி பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி சின்ன எழுத்து. பினாயிலக்கா அதை போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படித்தாள். என்னென்ன கிருமியில் சோதித்தார்கள் என்ற வரியில் ஏதேதோ பாக்டீரியாப் பெயர்கள், கடைசியாகச் சளிக்காய்ச்சல் வைரஸ் ஒன்று. வயிற்றுக் கிருமியைப் பற்றி மூச்சே இல்லை.

தானம் கொடுக்கிறவர்கள் சந்தேகம் கேட்பதற்காக ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸின் எண்ணைக் கொடுத்திருந்தார்கள். தொற்றுத் தடுப்பைக் கவனிக்கிற நர்ஸ். நாள் முழுக்க டாக்டர்களைக் கை கழுவச் சொல்லித் தொண்டை வற்றிப்போன குரல் அது. பினாயிலக்கா லாவண்டரைப் பற்றிச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. தன்னைப் போலவே இன்னொரு ஜீவன் உலகத்தில் இருக்கிறது என்று பினாயிலக்காவுக்கு ஆறுதலாக இருந்தது.

"வாசனையாலெல்லாம் வைரஸ் சாகாதும்மா" என்றாள் நர்ஸ். "சளிக்காய்ச்சல் வைரஸ் மேல கொழுப்புல ஒரு சட்டை இருக்கும். சானிடைசர் பட்டா சட்டை கரைஞ்சிடும், அதுவும் செத்துடும். உங்க ஆபீஸ்ல சுத்துறதப் பாத்தா சட்டையே போடாத ரகம்னு தோணுது. அதுகிட்ட கழட்ட என்ன இருக்கு? சானிடைசர் பாட்டுக்கு அது மேல ஓடிட்டுப் போயிடும். கைக்கு சோப்பும் தண்ணியும்தான். மேஜைக்கு பிளீச். அன்னன்னைக்குத் தண்ணி கலந்து புதுசா செய்யணும், முதல்ல அழுக்கத் துடைச்சிட்டு அப்புறம் போடணும், பத்து நிமிஷம் ஈரமாவே இருக்கணும். வேற எதையும் அதுகூடக் கலந்திடாதீங்க, கண்ணு மூக்கெல்லாம் போயிடும்."

இதில் எல்லாமே பினாயிலக்காவுக்குப் புரிந்தது. மேலாளருக்குப் புரிய வைப்பதுதான் பாக்கி. அவர் பொறுமையாகக் கேட்டார். சோப்பு என்றால் ஆட்கள் கழிவறைக்குப் போக வேண்டும், போனால் வாடிக்கையாளர் லைனில் காத்திருப்பார், காத்திருக்கும் நேரம் கூடினால் தலைமை அலுவலகம் கேள்வி கேட்கும், ஆகவே சானிடைசரே இருக்கட்டும் என்றார். பிளீச்சுக்கு மட்டும் அரை மனதாகத் தலையாட்டினார். "ஆனா ரொம்ப நாத்தம் வராம பாத்துக்கம்மா" என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த சண்டை துடைக்கிற அம்மாவோடு. அந்த அம்மா கைவேகம் பெற்றவள். இடக்கையால் தெளித்து வலக்கையால் துடைத்துக்கொண்டே ஒரு வரிசையைக் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடுவாள். அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு. பத்து நிமிடம் ஈரமாக விடு என்றதும், வேலை தெரியாதவளுக்கு வேலை சொல்லிக் கொடுக்க வந்தது போல முறைத்தாள். ஈரத்தோடு விட்டால் பார்க்கிறவர்கள் என்னைத்தானே சோம்பேறி என்பார்கள், மேஜையில் திட்டுத்திட்டாகக் கறை தெரிந்தால் மேலாளர் என்னைத்தானே கேட்பார் என்று வாதாடினாள். அதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் பினாயிலக்காவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. எல்லோரிடமும் நியாயம் இருந்தது. நியாயம் இல்லாமல் இருந்தது அந்தக் கிருமி ஒன்றுதான், அதுதான் நிம்மதியாக வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒருவழியாகப் பிளீச் வழக்கத்துக்கு வந்தது. பினாயிலக்கா ஒவ்வொரு காலையும் கையுறை போட்டுத் தானே கலந்தாள். கையுறைக்குள்ளும் எப்படியோ அது புகுந்து விரல் நுனியெல்லாம் காய்ந்து சொரசொரவென்று ஆகிவிட்டது. நீச்சல்குளத்தில் வேலை பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று நடு வரிசை முணுமுணுத்தது. கண் எரிகிறது என்று ஜன்னல் ஓரம் முனகியது. அவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாலைந்து நாள் புதிதாக யாரும் படுக்காததுபோலத் தோன்றியது. அப்புறம் ஒரு நாள் மேலாளர், துடைக்கிற அம்மா ஈரமாகவே விட்டிருந்த நாற்காலியில் நிம்மதியாகப் போய் உட்கார்ந்தார்.

கருநீலப் பேன்ட். மகளுடைய பள்ளி விழாவுக்குப் போட்டுக்கொண்டு போக அவர் ஆசையாக வாங்கியது. எழுந்தபோது பின்பக்கம் இரண்டு வெள்ளை நிலா உதித்திருந்தது. கூடம் முழுக்க ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பார்த்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக மேலாளர் சிரிக்கவில்லை. அன்று மத்தியானமே பிளீச் கேன் பூட்டுப் போட்ட அறைக்குள் போனது. லாவண்டர் திரும்பி வந்தது.

மறுநாள் இரண்டு பேர் வரவில்லை. பினாயிலக்காவுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அது வெறும் பயமா, கிருமியே வந்துவிட்டதா என்று தெரியாமல் அன்றைய பொழுதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போதெல்லாம் அவளுக்கு வயிறு ஒரு தடவை சத்தம் போட்டால் போதும், தம்பியின் முகம் கண்முன் வந்து நிற்கும்.

விடவில்லை. மறுபடியும் நர்ஸைப் பிடித்தாள். துணியில் கறை விழாத, நாற்றமும் இல்லாத, சட்டை போடாத வைரஸிலும் சோதித்துப் பார்த்தது என்று பின்பக்கத்தில் எழுதியே இருக்கிற ஒரு ரகம் உண்டு, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்தது என்று நர்ஸ் சொன்னாள். நனைத்த தாளாகவும் வருமாம், பாட்டிலாகவும் வருமாம். அதற்கும் பத்து நிமிட ஈரம் வேண்டும். லேபிளைப் படிக்காமல் வாங்கினால் என்னிடம் வராதீர்கள் என்று அவள் கண்டிப்பாகச் சொன்னாள். பினாயிலக்கா கடை கடையாக ஏறி, பாட்டில்களைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். முன்பக்கம் பார்க்காமல் பின்பக்கத்தையே பார்க்கிற இவளைக் கடைக்காரர்கள் சந்தேகமாகப் பார்த்தார்கள். கடைசியில் ஒன்று கிடைத்தது. பேன்ட்டின் மீது சத்தியம் செய்யாத குறையாக மேலாளரிடம் அனுமதி வாங்கினாள்.

மேஜை, ஹெட்போன், கீபோர்டு, குடிதண்ணீர்க் குழாய், கழிவறைத் தாழ்ப்பாள், ஒன்று விடாமல் துடைத்தாயிற்று. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாயிற்று. ஈர மேஜையில் யாராவது முழங்கையை வைக்கப் போனாலும், கையைக் கண்ணுக்குக் கொண்டுபோனாலும் அங்கிருந்தே சத்தம் போட்டாள். துடைக்கிற அம்மாவே மனம் இரங்கி, "ஏம்மா, இப்படி உயிர விடுற, இது என்ன உன் சொந்தக் கம்பெனியா" என்று கேட்டாள். இவ்வளவுக்குப் பிறகும் ஆட்கள் விழுந்துகொண்டேதான் இருந்தார்கள். ஆபரேஷனுக்கு இன்னும் ஒரு வாரம்தான். எங்கே ஓட்டை என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அழுகையாக வந்தது. அழுவதற்கும் நேரம் இல்லாததால் அந்தக் கோபத்தையும் மேஜைமேல் காட்டினாள்.

அன்று காலை, ஷிப்ட் தொடங்கும் நேரம், அவள் வாசல் கதவின் கைப்பிடியைத் துடைத்துவிட்டு நின்றாள். பத்து நிமிடம் அது ஈரமாக இருக்க வேண்டும். ஆட்களோ வந்துகொண்டிருந்தார்கள். தொட்டுவிடப் போகிறார்களே என்று கதவைத் தன் காலாலேயே தள்ளிப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் வழிவிட்டு நின்றாள். இத்தனை நாளில் அவள் அந்த இடத்தில் அப்படி நின்றதே இல்லை. எல்லோருக்கும் முன்னால் வந்து உள்ளே போய்விடுகிறவள். பக்கத்தில் சுவரில் கைரேகை மெஷின்.

முதல் ஆள் வந்தான். பாட்டிலை மிதித்தான், சானிடைசரைப் பரபரவென்று தேய்த்தான், விரலை வைத்தான். "மீண்டும் முயலவும்" என்றது மெஷின். அவன் விரல் நுனியை நாக்கில் தொட்டான். வைத்தான். "நன்றி" என்றது. அவன் உள்ளே போனான். அடுத்தவள் வந்தாள். மிதித்தாள், தேய்த்தாள், வைத்தாள். "மீண்டும் முயலவும்." நாக்கில் தொட்டாள், வைத்தாள். "நன்றி." அவளுக்குப் பின்னால் வந்தவனுக்கு அனுபவம் கூடுதல். முதலிலேயே நாக்கில் தொட்டுக்கொண்டு வந்தான்.

பினாயிலக்கா காலை எடுக்க மறந்து நின்றாள். சானிடைசர் தேய்த்துத் தேய்த்து அத்தனை பேர் விரலும் காய்ந்து போயிருந்தது. காய்ந்த விரல் மெஷினுக்குப் பிடிக்காது. ஆகவே ஒருவர் விடாமல் எச்சில். ஒருவர் எச்சிலின் மேல் இன்னொருவர் விரல், அந்த விரல் அவர் நாக்கில், அந்த நாக்கிலிருந்து மறுபடி மெஷினில். கட்டடம் முழுக்கத் துடைத்தும், ஈரத் துணி படக் கூடாது என்று எழுதி வைத்ததால் துடைக்காமல் விட்ட ஒரே இடம் அது. கிருமியை ஒழிக்க வாசலில் வைத்த பாட்டிலே, ஆட்களை வரிசையில் நிற்க வைத்து நக்க வைத்திருக்கிறது.

அப்போதுதான் தன் நாக்கு நுனியில் லேசான கசப்பு இருப்பது அவளுக்கு உறைத்தது. சானிடைசர்க் கசப்பு. காலையில் வந்ததும் நாமும்தானே விரலை வைத்தோம். பிளீச் தின்ற விரல் பதியவில்லை. அப்புறம் என்ன செய்தோம்? யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கு, நேற்று, அதற்கு முந்தின நாள், தினமும். கை தானாகப் போய்விட்டிருந்தது.

அவள் ஓடிப்போய் வாயைக் கொப்பளித்தாள். கொப்பளித்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்தும் கொப்பளித்தாள். பிறகு நேராக மேலாளர் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மெஷினைக் கழற்ற முடியாது, வருகைப் பதிவு நேரடியாகத் தலைமை அலுவலகத்துக்குப் போகிறது என்றார். வேண்டுமானால், நாக்கில் தொடாதீர்கள் என்று ஒரு அறிவிப்பு எழுதி ஒட்டலாம் என்றார். நல்ல எழுத்தில் தானே எழுதித் தருவதாகவும் சொன்னார்.

இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த நல்ல எழுத்துதான் தாங்கவில்லை.

"சார், அடுத்த வாரம் என் கிட்னி ஒண்ண எடுத்து என் தம்பிக்கு வைக்கப் போறாங்க" என்றாள். குரல் உயரவில்லை. "அதுக்குள்ள எனக்கு ஒரு தடவ வாந்தி வந்தாலும் ஆபரேஷன் கிடையாது. அடுத்த தேதி வரைக்கும் அவன் இருப்பானான்னு டாக்டருக்கே தெரியல. உங்க லாவண்டர் இருக்குல்ல, அது எனக்கு வேணாம். உங்க பேன்ட்டுக்கு நான் மன்னிப்புக் கேட்டாச்சு. அந்த மெஷின மட்டும் கழட்டுங்க."

மேலாளரின் முகத்தில் ஈயாடவில்லை. நெற்றி வியர்த்தது, உதடு வெளுத்தது. கல்லுக்குள்ளும் ஈரம் இருக்கிறதே என்று பினாயிலக்கா ஒரு கணம் உருகிப்போனாள். அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார், ஒரு கையால் வாயைப் பொத்தினார், அவளைத் தாண்டிக் கழிவறைக்கு ஓடினார். அவரும் தினமும் விரல் வைக்கிறவர்தானே. கொஞ்ச நேரம் கழித்துக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பலவீனமான குரல் வந்தது. "கழட்டிடும்மா. முதல்ல அதக் கழட்டிடு."

துடைக்கிற அம்மாதான் பிளக்கைப் பிடுங்கினாள். பிடுங்கும்போது அந்தக் குரல் "மீண்டும்" என்று பாதியில் நின்றது. மேலாளர் அன்று வீட்டுக்குப் போகும் முன், சானிடைசர் இருந்த இடத்தில் கழிவறைக்கு வழிகாட்டும் அம்புக்குறி ஒன்றும், உள்ளே நிறைய சோப்பும் வைக்கச் சொல்லிவிட்டுத்தான் போனார். இனி யார் எத்தனை நேரம் லைனில் காத்திருந்தாலும் பரவாயில்லை என்றார். பேன்ட்டைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

நர்ஸிடம் நடந்ததைச் சொன்னாள். நக்கியதையும் சேர்த்துச் சொன்னாள். வருவதானால் ஓரிரு நாளில் வந்துவிடும், காத்திருங்கள், எதையும் மறைக்காமல் சொல்லுங்கள் என்றாள் நர்ஸ். வேறென்ன சொல்ல முடியும்? பினாயிலக்கா வீட்டில் தனி அறையில், தனித் தட்டு, தனி டம்ளரோடு காத்திருந்தாள். கடைசியில் இரண்டு நாள் லீவை உடைக்கத்தான் வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் வாசலில் நின்றே "எப்படி இருக்கு" என்று கேட்பார். அவர் கேட்கும்போதெல்லாம் அவளுக்குக் குமட்டும். நிஜக் குமட்டலா பொய்க் குமட்டலா என்று பிரித்துப் பார்ப்பதே வேலையாகப் போனது. தன் நாக்கைத் தானே இவ்வளவு வெறுத்த மனுஷி வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஒன்றும் வரவில்லை. அந்த இரண்டு நாளும் போயிற்று, அதற்கு மேலும் போயிற்று. ஒன்றும் வரவே இல்லை. ஏன் தப்பித்தோம் என்று அவளுக்குத் தெரியாது. நர்ஸுக்கும் தெரியவில்லை.

அட்மிஷன் நாள். ஆஸ்பத்திரி கவுன்டருக்கு முன்னால் நீண்ட வரிசை. தம்பி முகக்கவசத்தோடு சக்கர நாற்காலியில், பின்னால் அவன் மனைவி பைகளோடு. ரொம்பவும் மெலிந்துவிட்டிருந்தான். அக்காவின் முறை வந்தது. கவுன்டர் பையன் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு சின்ன மெஷினைக் காட்டினான். தானம் கொடுப்பவர் இவர்தான் என்று உறுதி செய்யக் கைரேகை வைக்க வேண்டுமாம்.

அவள் விரலை வைத்தாள். "மீண்டும் முயலவும்" என்றது அதே குரல். அச்சு அசல் அதே குழைவு. துடைத்துவிட்டு வைத்தாள், அடுத்த விரலை வைத்தாள், மறு கையை வைத்தாள். மீண்டும் முயலவும்.

"என்னம்மா இது, விரல்ல கோடே இல்லையே" என்றான் பையன் அலுப்போடு. "இது பதியலைன்னா அட்மிஷன் ஓபனே ஆகாது. லேசா நாக்குல தொட்டு வைங்க. எல்லாரும் அப்படித்தான் வைப்பாங்க."

எல்லோரும். ஆஸ்பத்திரியில். பினாயிலக்கா கண்களை மூடித் திறந்தாள். கோபம்கூட வரவில்லை. கோபம் தீர்ந்து போயிருந்தது. பையைத் திறந்து, நனைத்த தாள் பொட்டலத்தை எடுத்தாள். மெஷினை அழுத்தித் துடைத்தாள். இன்னொரு தாளை எடுத்து அதன்மேல் ஈரமாகப் பரப்பி வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பையன் திருதிருவென்று விழித்தான். பின்னால் வரிசை நெளிந்தது. என்னம்மா பண்றீங்க என்று ஒருவர் கேட்டார். பத்து நிமிஷம் ஈரமா இருக்கணும் என்றாள். பத்து நிமிஷமா என்று வரிசை முழுக்க அந்தச் செய்தி பின்னால் போனது. யார் இந்த அம்மா என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது.

"எங்க அக்கா" என்றான் தம்பி, சக்கர நாற்காலியிலிருந்தே, முகக்கவசத்துக்குள்ளிருந்து. "கொஞ்சம் பொறுத்துக்குங்க. கிட்னிய ஈஸியா குடுத்துடுவா. நாக்கக் குடுக்க மாட்டா. கிட்னி ரெண்டு இருக்கு, நாக்கு ஒண்ணுதான்."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இத்தனை வாரமும் அடக்கி வைத்ததெல்லாம் அந்தச் சிரிப்போடு சேர்ந்து வந்து, சிரிப்பு எப்போது அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை. வரிசை அடங்கிப்போனது. பத்து நிமிடமும் ஆயிற்று. தாளை எடுத்துவிட்டு மெஷினைக் காயவிட்டாள். கண்ணைத் தொடக் கூடாது என்று ஒரு கூடத்துக்கே பாடம் நடத்தியவள், கன்னத்தில் வழிந்ததை விரலால் வழித்துத் துடைத்தாள். அந்த ஈர விரலைக் கொண்டுபோய் வைத்தாள்.

"நன்றி" என்றது மெஷின்.

கவுன்டர் பையன் சட்டென்று தட்டச்சு செய்யத் தொடங்கினான். வரிசை மூச்சு விட்டது. அவள் பொட்டலத்தைப் பைக்குள் திணித்துவிட்டுத் திரும்பினாள். தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது.

"அக்கா" என்றான். "இத்தன நாளா நான் சொல்ல வந்தத அந்த மெஷின் முந்திக்கிட்டு சொல்லிடுச்சு."

அவள் வழக்கம்போல முறைக்கப் பார்த்தாள். முறைப்பு வரவில்லை. சக்கர நாற்காலியின் கைப்பிடியைத் தம்பி மனைவியிடமிருந்து தன் கைக்கு வாங்கிக்கொண்டு, லிப்ட் பக்கம் தள்ளத் தொடங்கினாள்.

"சரி, சொல்லித் தொலை" என்றாள்.